தேடினால் வராத இடம்

கொண்டாவிலில் புதிதாகத் திறந்திருந்த கலியாண மண்டபம் ஒன்றைத் தேடுபொறியின் முதற் பக்கத்துக்குக் கொண்டுவருவதுதான் அந்த மாதம் சுபாஜினிக்குக் கிடைத்த பெரிய வேலை. மண்டபத்துக்காரர் காலையில் பல்லுத் தீட்டுவதற்கு முன்பே போன் எடுத்து, "தங்கச்சி, இண்டைக்கும் நாங்கள் கீழைதான் கிடக்கிறம்" என்று முறையிடுவார். எந்தச் சொல்லைத் தலைப்பில் வைத்தால் மேலே வரும், சனம் எதை எப்படிப் பிழை பிழையாக அடித்துத் தேடும் என்பதெல்லாம் அவளுக்குக் கைவந்த விஷயம். புடவைக் கடை, நகைக் கடை, கோழிப் பண்ணை என்று பல பேரை அவள் மேலே ஏற்றிவிட்டிருக்கிறாள். மானிப்பாய் வீட்டின் முன்னறையில் மேசையும் கணினியும். பக்கத்து அறையில் தங்கை கஜந்தினி. வலிப்பு வராத நாளென்றால் கஜந்தினி தையல் மெசினில் இருப்பாள். வந்த நாளென்றால் படுக்கைதான்.

பள்ளிக்கூடம் போகிற காலத்திலேயே கஜந்தினிக்குத் தொடங்கிய நோய், அந்த வலிப்பு வருத்தம். தாய் தகப்பன் போன பிறகு அவளைப் பார்ப்பது முழுக்க அக்காவின் பொறுப்பாயிற்று. கிளினிக்குக்குக் கூட்டிப்போவது, குளிசையைக் கையில் வைத்து விழுங்கும்வரை பார்த்து நிற்பது, கிணற்றடிக்குத் தனியே போகவிடாமல் மறிப்பது. சுபாஜினியும் நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். களைப்பு என்பது அவளுக்கு வந்து போகிற ஒன்றாக இல்லாமல், உடுப்புப்போல உடம்போடு ஒட்டியிருந்தது.

தங்களைப் போன்றவர்களுக்காக அவள் இணையத்தில் ஓர் இடம் நடத்தினாள். பெயர் 'துணை'. வலிப்போடு வாழ்கிறவர்களும் அவர்களைப் பார்க்கிறவர்களும் தமிழில் கதைக்கிற கருத்துக்களம். பெரிய கம்பெனி ஒன்றின் தளத்தில் அதை வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. தங்கள் வீட்டு வருத்தம் விளம்பரக்காரனுக்கு ஏன் தெரியவேண்டும்? அதனால் ஆளாளுக்குத் தனித்தனியாகச் சேர்வர்க் கணினி நடத்தி, அவற்றை ஒன்றோடொன்று தொடுத்துவிடுகிற வகையைத் தேர்ந்தெடுத்தாள். அவள் நடத்தியது ஒன்று. ரொறன்ரோவில் சுதாகரன் என்பவர் நடத்தியது இன்னொன்று. நோர்வேயிலும் ஒன்று இருந்தது. அடுத்தடுத்த வீட்டு வளவுகளின் நடுவே வேலியில் ஆள் புகுந்து போகிற பொட்டு இருக்குமே, அப்படித்தான். இங்கே ஒருத்தி எழுதினால் அது பொட்டுக்குள்ளால் போய் மற்ற வளவுகளிலும் ஒரு பிரதியாகக் கிடக்கும். எல்லோரும் எல்லோருடைய கதையையும் வாசிக்கலாம், ஆனால் முழுவதற்கும் சொந்தக்காரர் என்று ஒருவர் கிடையாது.

தேடுபொறிகளை மட்டும் அவள் உள்ளே விடவில்லை. மற்ற இருவரும் அப்படியே செய்திருந்தார்கள். வலிப்பு என்ற சொல் வெளியே போனால் பேசிய சம்பந்தம் நின்றுபோகும், வேலை போகும், அயலட்டை கண்ணைத் தாழ்த்திக்கொள்ளும். யாரும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது என்ற நம்பிக்கையில்தான் சனம் அங்கே மனம்விட்டு எழுதியது.

தவமலர் வந்தது ஒரு பங்குனி வெயிலில். வல்வெட்டித்துறையிலிருந்து பஸ் மாறி வந்து, முகவரியை விசாரித்து விசாரித்துக் கேற்றடியில் நின்றாள். இருபத்தைந்து வயதுகூட இராது. சுபாஜினி அவளை உள்ளே கூப்பிட்டுக் கதிரையில் இருத்தித் தண்ணீர் கொடுத்தாள்.

"என்ரை மனுசனுக்குக் கடலுக்கை வைச்சு வலிப்பு வந்திட்டுது அக்கா" என்று தொடங்கினாள் தவமலர். "போட்டிலை நிண்டவை கையிலை இரும்பைக் குடுத்து, தடியாலை வாயை நெம்பியிருக்கினம். முன் பல்லு உடைஞ்சு துண்டு தொண்டைக்கை போயிட்டுது. செத்துப் பிழைச்சவர்."

"இப்ப எப்பிடி இருக்கிறார்?"

"இருக்கிறார். இனிக் கடலுக்குப் போகேலாது எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். வாசல்லை இருந்து கடலைப் பாத்துக்கொண்டு இருக்கிறார்." பிறகு குரல் தாழ்ந்தது. "வீட்டிலை வந்தால் என்ன செய்யிறது எண்டு போனிலை தேடினனான். ஒரு வீடியோவிலை வாய்க்குள்ளை கரண்டி வை எண்டு கிடந்தது. அடுத்த முறை வந்தாப்போலை நானும் வைச்சன் அக்கா. அவற்றை நாக்கு வெட்டுப்பட்டது என்ரை கையாலை."

சுபாஜினி தண்ணீரை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"உங்கடை இடத்திலை எல்லாம் வடிவா எழுதிக் கிடக்கு. ஒருக்களிச்சுப் படுக்க விடு, வாய்க்குள்ளை ஒண்டும் வைக்காதை, நேரத்தைப் பார், கனநேரம் நிக்காட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடு எண்டு. கிளினிக்கிலை ஒரு அம்மா சொல்லித்தான் அப்பிடி ஒரு இடம் இருக்கெண்டே எனக்குத் தெரியும். நான் எத்தினை விதமாத் தேடினனான். ஏன் அக்கா தேடினால் உங்கடை இடம் வருகுதில்லை?"

கோபத்தில் கேட்ட கேள்வி அல்ல. உண்மையாகவே காரணம் அறியத்தான் கேட்டாள். சுபாஜினிக்கு மறுமொழி தெரியும், ஆனால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வாய் வரவில்லை. அவளைப் பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தபோது போன் அடித்தது. கலியாண மண்டபத்துக்காரர். "தங்கச்சி, மேலை வந்திட்டம்! முதலாவதா நிக்கிறம்!" என்றார். "சந்தோசம் அண்ணை" என்று சொல்லிவிட்டுச் சுபாஜினி கதிரையில் சரிந்து உட்கார்ந்தாள்.

அந்தக் கிழமையே அவள் களத்தில் ஓர் அறிவித்தல் போட்டாள். தவமலரின் பெயர் சொல்லாமல் நடந்ததை எழுதி, இந்த இடத்தைத் தேடுபொறிகளுக்குத் திறந்துவிட யோசிப்பதாகவும், தங்கள் பதிவுகள் வெளியே தெரியக்கூடாது என்று நினைப்பவர்கள் தங்கள் கணக்கில் ஓர் அடையாளத்தைப் போட்டுவிட்டால் போதும் என்றும் சொன்னாள். பல பேர் சரியென்றார்கள். சிலர் மறைக்கும் அடையாளத்தைப் போட்டார்கள். 'செவ்வரத்தை' என்ற புனைபெயரில் எழுதுகிற ஒரு தாய் தனியாகவும் கேட்டிருந்தாள்: "நான் அடையாளம் போட்டிட்டன் பிள்ளை. என்ரை ஒண்டும் வராதுதானே?" சுபாஜினி, "வராது அன்ரி, யோசியாதேங்கோ" என்று எழுதினாள். செவ்வரத்தை யாரென்று அவளுக்குத் தெரியும். பண்டத்தரிப்பில் இருக்கிற பத்மாசினி. அவளுடைய மகளுக்குத்தான் வலிப்பு வருத்தம்.

சுதாகரனுக்கு ஏக சந்தோஷம். "நான் எப்பவோ சொன்னனான் சுபா" என்றார் போனில். "உம்மடை வேலையே உதுதானே. எப்பிடிச் செய்யிறதெண்டு சொல்லும், நானும் என்ரையைத் திறந்து விடுறன்." சுபாஜினி சொல்லிக்கொடுத்தாள். பதிவின் முதல் வரியையே பக்கத்தின் தலைப்பாக்கு, ஊர்ப் பெயர் இருந்தால் மேலே வரட்டும், பக்கம் கெதியில் திறக்கவேண்டும். மண்டபத்துக்குச் செய்த அதே வேலை.

பலன் கிடைத்தது. 'வலிப்பு வந்தால் என்ன செய்வது' என்று அடித்தால் அந்தக் கரண்டி வீடியோவுக்கு மேலே 'துணை' வரத் தொடங்கியது. கிளிநொச்சியிலிருந்து, மூதூரிலிருந்து, மலைநாட்டிலிருந்து புதியவர்கள் வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் மறுமொழி எழுதி எழுதி சுபாஜினிக்குக் கண் எரிந்தது. ஆனாலும் பல காலத்துக்குப் பிறகு, எரிகிற கண்ணோடு படுத்தாலும் நித்திரை நன்றாக வந்தது.

வைகாசி பிறந்து கொஞ்ச நாளில் பத்மாசினி வந்தாள். குடையை மடக்கவில்லை, வாசற்படியிலேயே நின்றாள். "உள்ளை வாங்கோ அன்ரி" என்றதற்கு அசையவில்லை. கையிலிருந்த போனை நீட்டினாள்.

திரையில் ஒரு தேடல். பண்டத்தரிப்பு, முன்பள்ளி, ரீச்சர் என்ற மூன்று சொற்கள். முன்பள்ளியின் விளையாட்டுப் போட்டிப் படங்களுக்குக் கீழே, மூன்றாவதாக, ஒரு பதிவின் தலைப்பு: 'பண்டத்தரிப்பில் முன்பள்ளி ரீச்சராக இருக்கும் என் மகளுக்குப் பிள்ளைகளுக்கு முன்னால் வலிப்பு வந்துவிட்டது.'

"பேர் இல்லை. பேர் வேணுமோ?" என்றாள் பத்மாசினி. "அந்தப் பள்ளிக்கூடத்திலை கலியாணம் கட்டாத ரீச்சர் என்ரை பிள்ளை ஒருத்திதான். இப்பதான் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தனாங்கள். மாப்பிள்ளையின்ரை தமக்கை லண்டனிலை. மச்சாளாகப் போறவவின்ரை படம் பாப்பம் எண்டு ஆசையிலை தேடியிருக்கிறா. ஆசையிலை. குற்றம் பிடிக்க இல்லை."

"அன்ரி, நீங்கள் அடையாளம் போட்டனீங்கள். என்ரை பக்கத்திலை உங்கடை பதிவு வரவே வராது..."

"அப்ப இது என்ன? பேயோ எழுதினது?"

சுபாஜினி முகவரியைப் பார்த்தாள். தன்னுடையது அல்ல, ரொறன்ரோவினுடையது. சுதாகரனின் சேர்வரில் ஓடிய மென்பொருள் பழையது. மறைக்கச் சொல்லிப் போடுகிற அடையாளம் அதற்கு விளங்காது. பத்மாசினி எப்போதோ எழுதியதன் பிரதி பொட்டால் போய் அங்கே கிடந்திருக்கிறது. திறந்தவுடன் தேடுபொறி அதைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறது. முதல் வரியைத் தலைப்பாக்கு, ஊர்ப் பெயர் மேலே வரட்டும் என்று சொல்லிக்கொடுத்தவளும் அவள்தான். தன்னுடைய கதவைப் பூட்டிப் பார்த்தவள், மற்ற வளவுகளில் என்ன கிடக்கிறதென்று போய்ப் பார்க்கவில்லை.

அதை அவள் விளங்கப்படுத்த முயன்றாள். பத்மாசினி பாதியிலேயே கையை உயர்த்தினாள்.

"எனக்கு உந்தக் கதை விளங்காது பிள்ளை. நான் உன்னட்டைக் கேட்டனான். வராது எண்டு நீ சொன்னனி. கலியாணம் குழம்பிப் போச்சு." குடையைத் திருப்பிக்கொண்டு கேற்றைத் தாண்டிப் போனாள். குரலை உயர்த்தவுமில்லை, ஏசவுமில்லை. ஏசியிருந்தால் நல்லது என்று சுபாஜினிக்கு இருந்தது.

அதன் பிறகு வந்த நாட்கள் ஒரே துரத்தலாகக் கழிந்தன. சுதாகரன் அன்றே பதிவை அழித்துவிட்டு, "ஐயோ சுபா, எனக்குத் தெரியாதப்பா, என்னை மன்னியும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஆனால் தேடினால் தலைப்பு இன்னும் வந்தது. அழித்த பக்கத்தை மறக்கத் தேடுபொறிக்கு நாளெடுக்கும். எடுத்துவிடும்படி விண்ணப்பம் அனுப்பிவிட்டுக் காத்திருந்தாள். அது மறைந்தபோது அந்த இடத்துக்கு நோர்வேப் பிரதி வந்து குந்திக்கொண்டது. அந்தச் சேர்வரை நடத்தியவரோ சேர்வரைப் புதுப்பித்தபோது பழைய பூட்டுத் தவறிப்போனதைக்கூடக் கவனிக்காமல் இருந்தார். எத்தனை மின்னஞ்சல் போட்டும் மறுமொழி இல்லை. கடைசியில் அவருடைய உறவுக்காரர் ஒருவரைப் பிடித்து, அவர் மூலம் கதைத்து அதையும் அழிப்பித்தாள். இதற்கிடையில் கஜந்தினிக்கு அடுத்தடுத்து வலிப்பு வந்தது. ஒரு கையால் தங்கையின் நெற்றியைத் துடைத்துக்கொண்டு மறு கையால் போனில் அந்த மூன்று சொற்களை அடித்துப் பார்ப்பாள். இன்னும் நிற்கிறதா, போய்விட்டதா? மண்டபத்தை மேலே ஏற்ற ஒரு மாதம் போதுமாக இருந்தது. இதைக் கீழே இறக்க எவ்வளவு காலம் என்று சொல்ல ஆளில்லை.

ஒரு நாள் முன்பள்ளி விட்ட நேரம் நிவேதனா வந்தாள், பத்மாசினியின் மகள். யாரோ ஓட்டிவந்த ஸ்கூட்டியின் பின்னால் இருந்து இறங்கி, ஹெல்மெட்டைக் கழற்றி, "சுபாஜினி அக்கா நீங்களோ?" என்றாள்.

"வாரும். இரும். நான் உமக்கு என்ன சொல்லுறதெண்டு தெரியேல்லை..."

"நீங்கள் ஒண்டும் சொல்லத் தேவையில்லை. எனக்கு அதை வாசிக்கவேணும்."

"எதை?"

"அம்மா எழுதினதை. அது வெளியாலை வந்தவுடனை லண்டன் வாசிச்சிட்டுது, மாப்பிள்ளை வீடு வாசிச்சிட்டுது, பள்ளிக்கூடத்திலை மற்ற ரீச்சர்மாரும் வாசிச்சிட்டினம். நான் மட்டும் வாசிக்கேல்லை. நான் தேடேக்கை நீங்கள் அழிச்சுப் போட்டியள்."

தன்னுடைய சேர்வரில் மூலப் பதிவு இன்னும் பூட்டிக் கிடந்தது. அது பத்மாசினி எழுதியது, அவளைக் கேட்காமல் காட்டலாமா என்று சுபாஜினி ஒரு கணம் தயங்கினாள். ஆனால் எழுதியது யாரைப் பற்றி? அவள் கணினியைத் திருப்பிவிட்டாள்.

நிவேதனா கன்னத்தில் கைவைத்தபடி வாசித்தாள். தாயின் பதிவு நீளம். பிள்ளைகள் பயந்து அழுதது, அதிபர் வீட்டுக்கு அனுப்பியது, கோயிலில் நேர்ந்தது. கடைசியில் ஒரு கேள்வி: என் மகள் இந்தக் குளிசையைக் குடித்துக்கொண்டு பிள்ளை பெறலாமா? கீழே மறுமொழிகள். பல தாய்மார், இரண்டு மூன்று இளம் பெண்கள், ஒரு ஓய்வுபெற்ற தாதி. எல்லோரும் கிட்டத்தட்ட ஒன்றையே சொல்லியிருந்தார்கள். பெறலாம், பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் சில குளிசை வயிற்றுப் பிள்ளைக்குக் கூடாது, கலியாணத்துக்கு முன்பே டொக்டரோடு கதைத்து மாற்றவேண்டி வரலாம், தானாக மட்டும் நிறுத்திவிடக் கூடாது.

அவள் அந்த இடத்தைத் திரும்பவும் வாசித்தாள்.

"இது எப்ப எழுதினது அக்கா?"

"போன வருசத்துக்கு முதல் வருசம்."

"அப்ப அம்மாவுக்குத் தெரியும்." நிவேதனாவின் குரல் தட்டையாக இருந்தது. "தெரிஞ்சும் எனக்குச் சொல்லேல்லை. சொன்னால் நான் கிளினிக்கிலை போய்க் கேப்பன், கேட்டால் யாரும் காணுவினம் எண்டு பயம். மாப்பிள்ளையிட்டைச் சொல்லுவம் எண்டு நான் நிண்டனான். அம்மாதான் தாலி கட்டினாப் பிறகு சொல்லலாம் எண்டவ."

"அவர் ஏதும் கதைச்சவரோ?"

"ஒருக்காப் போன் எடுத்தவர். தனக்குப் பிரச்சினை இல்லையாம், வீட்டிலைதான் ஒத்துக்கொள்ளினம் இல்லையாம். பேந்து எடுக்கேல்லை." அவள் ஹெல்மெட்டின் பட்டியைத் திருகினாள். "நானும் இந்தக் குளிசையைப் பற்றித் தேடினனான் அக்கா. தமிழிலை ஒண்டும் இல்லை, இங்கிலீசிலை வாசிச்சு முழுக்க விளங்கேல்லை. நீங்கள் திறந்து விட்டதிலை எனக்குக் கோவம் இல்லை. நான் தேடினதெல்லாம் பூட்டிக் கிடந்தது. பூட்டி இருக்கவேண்டியது வெளியாலை கிடந்தது. அதுதான்."

போகும்போது நன்றி என்று சொல்லவில்லை. சுபாஜினியும் எதிர்பார்க்கவில்லை.

அன்று பின்னேரம் முழுவதும் சுபாஜினி கணினிக்கு முன்னால் வெறுமனே இருந்தாள். இருட்ட முன்பு எழுந்து முகம் கழுவி வந்து, களத்தைத் தேடுபொறிகளுக்கு மறுபடி பூட்டினாள். பிறகு ஒவ்வொரு பொட்டாக அடைத்தாள். இனிமேல் இங்கே எழுதுகிறது இங்கேயே கிடக்கும். சுதாகரனுக்குப் போன் எடுத்துச் சொன்னபோது அவர் கோபித்துக்கொண்டார். "எல்லாரும் ஒண்டாக் கதைக்கிறதுக்குத்தானே இதைத் தொடங்கினனாங்கள்? ஒருத்தற்றை பிழையாலை எல்லாரையும் துண்டிக்கிறீரோ?"

"என்ரை பிழையாலை அண்ணை" என்றாள் சுபாஜினி. "உங்களுக்கு விளங்கப்படுத்த எனக்கு இப்ப தெம்பில்லை. அடுத்த கிழமை கதைப்பம்."

அடுத்த கிழமை அவர் கதைக்கவில்லை. அதற்கடுத்த கிழமையும் இல்லை. வெளிநாட்டில் இருந்தவர்கள் மெல்ல மெல்ல வராமல் விட்டார்கள். களம் பாதியாகச் சுருங்கியது. பத்மாசினியின் கணக்கு அவள் சொன்னபடி அழிக்கப்பட்டது. ஒரு முறை மானிப்பாய்ச் சந்தியில் கண்டபோது பத்மாசினி பஸ் வருகிறதா என்று மறுபக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். நிவேதனா இன்னும் அதே முன்பள்ளியில்தான் படிப்பிக்கிறாள் என்றும், கிளினிக்குக்குத் தானே போய் வருகிறாள் என்றும் தவமலர்தான் சொன்னாள். கிளினிக் வரிசையில் இருவரும் பழகிவிட்டார்களாம்.

ஆனால் தவமலரின் கேள்விக்கு மறுமொழி இன்னும் கொடுபடவில்லை. பூட்டிய இடத்தைத் தேடுகிறவர்களுக்கு மறுபடியும் கரண்டி வீடியோதான் முதலில் வரும். ஆகவே சுபாஜினி தனியாக ஒரு சின்னத் தளம் தொடங்கினாள். அதில் யாருடைய கதையும் இல்லை, ஊரும் பேரும் இல்லை. சனம் கேட்கிற கேள்வி, அதற்கு மறுமொழி, அவ்வளவுதான். கிளினிக்கில் வேலைசெய்கிற டொக்டர் ஒருவர் வாசித்துத் திருத்தித் தர ஒத்துக்கொண்டார். வேலை மெதுவாகத்தான் போனது. சில நாள் ஒரு பக்கம் எழுதுவாள். பல நாள் ஒன்றும் எழுத முடியாது.

ஆடி மாதத்து ஒரு பகல், காற்று ஊளையிட்டுக்கொண்டிருந்தது. காலையில் வலிப்பு வந்து எழும்பிய கஜந்தினி, சுவரோடு சாய்ந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தாள். சுபாஜினி மேசையில் இருந்தபடி, அடுத்து என்ன கேள்வியை எடுப்பது என்று தெரியாமல், சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டாள்.

"நீ எண்டால் என்னத்தைத் தேடுவாய்?"

கஜந்தினி யோசிக்கவில்லை. "வலிப்பு விட்டாப் பிறகு ஏன் இப்பிடி அலுத்துப் போகுது எண்டு."

"தேடினனியோ?"

"ஓம். கன தரம்."

"என்ன வந்தது?"

"ஒண்டும் வரேல்லை. உன்னைக் கேப்பம் எண்டு பாப்பன். நீயும் அலுத்துப் போய் இருப்பாய். விட்டிடுவன்."

இத்தனை வருசம் குளிசையைக் கையில் வைத்து விழுங்கும்வரை பார்த்து நின்றவள் சுபாஜினி. இந்தக் கேள்வி இந்த வீட்டுக்குள் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. கதிரையை இழுத்துத் தங்கையின் பக்கம் திருப்பிப் போட்டாள்.

"எப்பிடி இருக்கும், சொல்லு" என்றாள். "நீ சொல்லுற மாதிரியே எழுதுறன்."

கஜந்தினி தேத்தண்ணிப் பேணியைக் கீழே வைத்துவிட்டுச் சொல்லத் தொடங்கினாள்.